முகம் தெரியாத வாடிக்கையாளர்

மதுரை மாட்டுத்தாவணியில் பேருந்து கிளம்பக் காத்திருந்தபோது ஒருவர் ஏறினார். தோளில் ரெக்சின் பை. கையில் நகம் அளவுக்கு ஒரு தகரத் துண்டு, அதன் முனையில் முடிபோல ஒரு கம்பி. ஊசியில் நூல் கோர்க்கிற கருவி. வணக்கம் இல்லை, "ஒரு நிமிஷம் உங்க பொன்னான நேரத்தை" இல்லை. நேராக மூன்றாவது வரிசைக்குப் போய், ஜன்னலோரம் இருந்த வயதான அம்மாளிடம், "ஆத்தா, கண்ணாடி கொண்டாரலையா? நல்லதாப் போச்சு, இந்தாங்க" என்று ஊசியையும் நூலையும் கருவியையும் கையில் வைத்தார். அம்மாள் இரண்டு முறை தடுமாறி மூன்றாம் முறை கோர்த்துவிட்டார். முன்பாதிப் பேருந்து அதைப் பார்த்தது.

எனக்கு எதிரில் இருந்தவர் உதட்டைப் பிதுக்கினார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் விற்பவர் அந்த உதட்டைப் பார்த்துவிட்டார். "கம்பி பிஞ்சிரும்னு நினைக்கிறீங்க. பிய்யும்ணே. அதான் பத்து ரூபாய்க்கு மூணு." ஓட்டுநர் ஏறி உட்கார்ந்ததும் குரல் கொஞ்சம் வேகமாயிற்று. ஒன்பது பேர் வாங்கினார்கள். நானும் வாங்கினேன். எனக்குத் தையல் தெரியாது.

விளம்பரத் தொழிலில் இருப்பவர்கள் விற்பனைக்காக எழுதப்படுவதைக் 'காப்பி' என்பார்கள். வாசகரை எப்படி நிறுத்துவது, எப்படி வாங்க வைப்பது என்று அதைப் பற்றி நூறாண்டுக்கு மேலாகப் புத்தகங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் கணிசமானவற்றைப் படித்த பிறகும் மாட்டுத்தாவணிக்காரரிடம் இருந்த ஒன்று அவற்றில் இல்லை என்றே தோன்றுகிறது. அவருக்கு எதிரில் முகங்கள் இருந்தன. பிதுங்கிய உதட்டுக்கு அந்தக் கணமே பதில் சொல்ல முடிந்தது. எழுதுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. இந்தக் கலையின் வரலாறே, பார்க்க முடியாத அந்த முகத்துக்கு மாற்று தேடிய வரலாறு என்பது என் கட்சி. கவனத்தை இழுக்கும் வித்தைகள் அதில் ஓர் ஓரம்தான்.

சிகாகோவின் லார்ட் அண்ட் தாமஸ் விளம்பர நிறுவனத்துக்கு 1904இல் ஜான் கென்னடி என்பவர் வந்தார். கனடாவின் குதிரைப் போலீஸில் வேலை பார்த்தவர் என்று சொல்வார்கள். விளம்பரம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்ற பொருளில் ஒரு சீட்டைக் கீழேயிருந்து மாடிக்கு அனுப்பினார். மாடியில் இருந்த ஆல்பர்ட் லாஸ்கர் அதுவரை விளம்பரத்தை ஒருவகைச் செய்தி என்று நினைத்துக்கொண்டிருந்தவர். கென்னடி சொன்ன விடை, விளம்பரம் என்பது அச்சில் ஏறிய விற்பனைத்திறன் என்பது. இன்று கேட்டால் இதிலென்ன புதுமை என்று தோன்றும். ஆனால் விளைவைப் பாருங்கள். விளம்பரம் ஒரு விற்பனையாளர் என்றால், அவரிடம் கேட்கப்படும் கேள்விகளை அதனிடமும் கேட்கலாம். எத்தனை பேரைப் பார்த்தாய்? எத்தனை விற்றாய்? உனக்கு ஆகும் செலவு எவ்வளவு?

இந்தக் கேள்விகளை விடாமல் கேட்டவர் அதே நிறுவனத்துக்குப் பின்னால் வந்த கிளாட் ஹாப்கின்ஸ். விளம்பரத்தின் மூலையில் ஒரு கூப்பன். வெட்டி அனுப்பினால் மாதிரிப் பொருள் கிடைக்கும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு தலைப்புக்கும் கூப்பனில் தனி அடையாளம் இருக்கும். எந்தத் தலைப்புக்கு எத்தனை கூப்பன் திரும்பியது என்று எண்ணிவிடலாம். தெரியாத முகத்துக்குக் கிடைத்த முதல் மாற்று இதுதான்: வாசகர் உதடு பிதுக்கினாரா, தலையாட்டினாரா என்பது தபாலில் வந்தது. ஹாப்கின்ஸ் 1923இல் எழுதிய சிறிய நூலில் விளம்பரம் ஓர் அறிவியல் என்றே வாதிட்டார். அவர் வழியில் வந்த ஜான் கேப்பிள்ஸ், ஒரே பொருளுக்கான இரண்டு தபால் விற்பனை விளம்பரங்களில் ஒன்று மற்றதைவிடப் பத்தொன்பதரை மடங்கு விற்றதைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். அந்த அரை மடங்கைப் படிக்கும்போது, உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள் என்பது தெரிகிறது.

ஆனால் ஹாப்கின்ஸிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது கூப்பனை அல்ல, ஷ்லிட்ஸ் பீர் கதையை. அன்றைக்கு எல்லா பீர் கம்பெனிகளும் 'சுத்தமானது' என்ற ஒரே சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டிருந்தன. சொல்லை இன்னும் பெரிதாக்குவது ஒன்றுதான் போட்டி. ஹாப்கின்ஸ் மில்வாக்கிக்குப் போய் ஆலையைச் சுற்றிப் பார்த்தார். வடிகட்டிய காற்று மட்டும் நுழையும் கண்ணாடி அறைகள், தண்ணீருக்காக 4,000 அடி ஆழத்தில் கிணறுகள், நான்கு முறை கழுவப்படும் பாட்டில்கள். இதையெல்லாம் ஏன் மக்களிடம் சொல்லவில்லை என்று கேட்டார். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றார்கள். யாரும் சொல்லவில்லையே, அதுதான் இருக்கிறது என்று அவர் அதையே எழுதினார். சில மாதங்களில் ஷ்லிட்ஸ் ஐந்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு இணையாக வந்தது என்று சுயசரிதையில் சொல்கிறார். தன் சரக்கைத் தானே விற்கிறவரின் கணக்கு அது, கொஞ்சம் கழித்துக்கொண்டே படிக்கலாம். இருந்தாலும் 'சுத்தம்' என்ற சொல்லைவிட நான்கு முறை கழுவிய பாட்டில் ஏன் நம்பவைக்கிறது என்பதற்கு விளக்கமே தேவையில்லை. ஒன்றை யாரும் சொல்லிவிடலாம், மற்றதைச் சொல்ல ஆலைக்குப் போயிருக்க வேண்டும்.

டேவிட் ஓகில்வி இந்த வழியில் வந்தவர்தான். ஸ்காட்லாந்தில் வீடு வீடாக 'ஆகா' என்ற பெயருள்ள அடுப்பை விற்றவர். சக விற்பனையாளர்களுக்காக 1935இல் அவர் எழுதிய கையேடு அவர் பின்னால் எழுதிய பிரபலமான நூல்களைவிட எனக்குச் சுவையாக இருக்கிறது. கதவைத் திறக்கிற சமையல்காரரின் முகம் அதில் வரிக்கு வரி தெரியும். 1958இல் ரோல்ஸ் ராய்ஸ் விளம்பரத்துக்காக மூன்று வாரம் அந்தக் காரைப் பற்றிப் படித்தார். 60 மைல் வேகத்தில் போகும்போது உள்ளே கேட்கிற பெரிய சத்தம் மின் கடிகாரத்தின் சத்தம்தான் என்ற தலைப்பு அவர் கற்பனை அல்ல. ஒரு கார் பத்திரிகையின் மதிப்புரையிலிருந்து எடுத்தது. 1933இலேயே பியர்ஸ் ஆரோ என்ற இன்னொரு காருக்கு ஏறக்குறைய இதே கருத்தில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. ஆக, புகழ்பெற்ற அந்தத் தலைப்பில் எழுத்தாளரின் பங்கு படித்ததும் தேர்ந்தெடுத்ததும்தான். அது சின்ன வேலையும் அல்ல.

இனி 'கவனம்' என்ற சொல்லுக்கு வருவோம். தலைப்பைப் படிப்பவர்களில் ஐந்தில் ஒருவர்தான் உள்ளே போகிறார் என்று ஓகில்வி சொன்னதை வைத்து, தலைப்பில் குட்டிக்கரணம் போடக் கற்றுத்தரும் பயிற்சிகள் ஏராளம். இழுப்பது வேறு, விற்பது வேறு என்று காட்டும் ஒரு சோதனை உண்டு. கலிபோர்னியாவின் ஒரு மளிகைக் கடையில் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் ஜாம் மேசை போட்டார்கள்; ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. 24 வகை ஜாம் வைத்தபோது கடந்துபோனவர்களில் 60 சதவீதம் பேர் நின்றார்கள், ஆறு வகை வைத்தபோது 40 சதவீதம். ஆனால் நின்றவர்களில் வாங்கியவர்கள் முதல் மேசையில் 3 சதவீதம், இரண்டாவதில் 30. இந்த வகைச் சோதனைகள் ஐம்பதைச் சேர்த்துப் பார்த்த 2010ஆம் ஆண்டு ஆய்வு, மொத்தத்தில் விளைவு ஏறக்குறைய பூஜ்யம் என்றது. ஆகவே தெரிவுகள் கூடினால் விற்பனை குறையும் என்பதை விதியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கூட்டம் நின்ற மேசையில்தான் விற்பனையும் நடந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதற்கு அந்த ஒரு கடை போதும்.

வாசகர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதை நன்றாக வகுத்தவர் யூஜின் ஷ்வார்ட்ஸ். அவருடைய நூல் 1966இல் வந்தது. எந்த எழுத்தாலும் ஆசையை உண்டாக்க முடியாது, இருக்கிற ஆசையைப் பொருளின் பக்கம் திருப்பத்தான் முடியும் என்பது அவர் அடிப்படை. தனக்கு ஒரு தேவை இருப்பதே தெரியாதவரிலிருந்து, பொருளும் தெரியும், கடையும் தெரியும், விலைக்காக மட்டும் காத்திருப்பவர் வரை ஐந்து படிகள் வைக்கிறார். கடைசிப் படியில் நிற்பவருக்குக் கதை தேவையில்லை. 'ஆடித் தள்ளுபடி' என்ற இரண்டு சொல் போதும்.

அந்த இரண்டு சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். விலை குறைகிறது என்றதும் வாங்குபவருக்கு எழும் முதல் சந்தேகம் 'ஏன் குறைக்கிறான், பழைய சரக்கா?' என்பது. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஜவுளிக்கடையில் ஈயாடும் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே காரணம் மாதத்தின் பெயரிலேயே இருக்கிறது. 'மெகா தள்ளுபடி', 'பம்பர் தள்ளுபடி' எதிலும் அது இல்லை. இதை முதலில் எழுதியவர் யாரோ, அவர் கென்னடியைப் படித்திருக்கத் தேவையில்லை.

காரணம் சொன்னால் எதுவும் நடக்கும் என்று சொல்பவர்கள் எலன் லாங்கரின் 1978 ஆய்வைக் காட்டுவார்கள். ஜெராக்ஸ் இயந்திரத்தின் முன் நிற்பவரிடம் ஐந்து பக்கம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் 60 சதவீதம் பேர் இடம் கொடுத்தார்கள். அவசரம் என்று காரணம் சொன்னால் 94. 'நகல் எடுக்க வேண்டும், அதனால்' என்ற வெற்றுக் காரணத்துக்கும் 93. பயிற்சி வகுப்புகளில் கதை இங்கே முடிந்துவிடும், 'ஏனென்றால் என்பது மந்திரச் சொல்' என்ற பாடத்தோடு. மிச்சத்தைச் சொல்ல மாட்டார்கள். இருபது பக்கம் என்று கேட்டபோது வெற்றுக் காரணம் துளியும் எடுபடவில்லை, காரணமே சொல்லாததற்குச் சமமாக 24 சதவீதம்தான். உண்மைக் காரணம் மட்டும் 42க்கு ஏறியது. பத்து ரூபாய்ப் பொருளுக்கு எந்தப் பேச்சும் ஓடும், பத்து சவரனுக்கு ஓடாது என்று நம் ஊர்க் கடைக்காரர்களுக்கு இது தெரிந்ததுதான்.

சவரன் என்றதும் லலிதா ஜுவல்லரி விளம்பரம் நினைவுக்கு வராமல் இருக்காது. நடிகை இல்லை, கல்யாண மண்டபம் இல்லை. உரிமையாளர் கிரண் குமாரே மொட்டைத் தலையோடு வந்து நின்று, நகையைப் படம் எடுத்துக்கொண்டு போய் மற்ற கடைகளில் விலை கேட்டுப் பாருங்கள் என்கிறார். கேலி செய்தோம், மீம் போட்டோம். ஆனால் நகை வாங்குபவரின் முதல் பயம் ஏமாந்துவிடுவோமோ என்பதுதான். மற்ற விளம்பரங்கள் மணப்பெண்ணின் சிரிப்பைக் காட்டிக்கொண்டிருந்தபோது இவர் அந்தப் பயத்தைத் தொட்டார். விலை உண்மையில் குறைவா என்று நான் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. ஒப்பிடச் சொல்வதாலேயே பெரும்பாலானோர் ஒப்பிடாமல் விடுவார்கள் என்பதும் இதில் அடக்கம்.

குறையை ஒத்துக்கொள்வது இதைவிடப் பழைய உத்தி. வோக்ஸ்வேகன் கம்பெனிக்காக 1960இல் ஜூலியன் கோனிக் எழுதிய விளம்பரத்தில் ஒரு கார் படம், கீழே அந்தக் காரை மட்டம் என்று சொல்லும் ஒற்றைச் சொல். உள்ளே படித்தால், கையுறைப் பெட்டியின் குரோமியப் பட்டையில் சின்னக் கறை இருந்ததால் பரிசோதகர் அந்தக் காரைத் திருப்பிவிட்டார் என்றும் வோல்ஃப்ஸ்பர்க் ஆலையில் பரிசோதிக்க மட்டும் 3,389 பேர் என்றும் வரும். 'பிய்யும்ணே' என்ற மாட்டுத்தாவணிக்காரரின் ஒத்துக்கொள்ளலும் இந்த ஜாதிதான். ஆனால் அவருடையது கொஞ்சம் உயர்த்தி. வோக்ஸ்வேகன் ஒத்துக்கொண்டது நீக்கிவிட்ட குறையை. அவர் ஒத்துக்கொண்டது கையில் கொடுக்கிற பொருளின் குறையை.

வார்த்தையே தேவைப்படாத இடமும் உண்டு. கடலூரில் 1983இல் சி. கே. ரங்கநாதன் தொடங்கிய சிக் ஷாம்பு, எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட் ஐந்து கொண்டுவந்தாலும் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றது. பிறகு, சிக் பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்று மாற்றியது. கிராமங்களில் பையன்களின் தலைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டி, முடியைத் தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள் என்று காட்டினார்கள். 'பட்டுப் போன்ற கூந்தல்' என்று எழுதி ஆகாதது தொட்டதும் ஆயிற்று.

தமிழில் எழுதுவதற்கென்று தனிச் சிக்கல் இருக்கிறது. இன்றைக்கு நாம் பார்க்கும் தமிழ் விளம்பரங்களில் பெரும்பகுதி மும்பையில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ பிறந்து, கடைசி நாளில் தமிழுக்கு வருபவை. 'வரையறுக்கப்பட்ட காலச் சலுகை' என்று பேருந்து நிழற்குடையில் எழுதியிருக்கிறது. எந்தத் தமிழரும் தன் மனைவியிடம் அப்படிச் சொல்லி அவரைக் கடைக்கு அழைத்துப்போனதில்லை. 'ஞாயிறு வரைதான்' என்றால் முடிந்தது. 'உங்கள் சருமத்திற்குத் தேவையான ஊட்டத்தை வழங்குகிறது' என்பதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை, ஆனால் பேசுகிற வாயும் இல்லை.

நம் மொழியில் வினைச்சொல் இல்லாமலே வாக்கியம் முழுமையாக நிற்கும், தலைப்புக்கு அது பெரிய வரம். 'பத்து ரூபாய்' என்பது விலை, 'பத்தே ரூபாய்' என்பது விற்பனை. ஓர் ஏகாரத்தில் வேலை முடிகிறது. 'வாங்குவீர்' என்று எழுதினால் 1940களின் சுவரொட்டி, 'வாங்குங்கள்' என்றால் அரசு அறிவிப்பின் வாடை, 'வாங்கிட்டுப் போங்க' என்றால் கடைக்காரர் குரல். எது சரி என்பது பொருளைப் பொறுத்தது. ஆயுள் காப்பீட்டை 'எடுத்துக்கோங்க' என்று விற்க எனக்கு வாய் வராது. எஸ். எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்குமுன் பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்தவர், தபால் மூலம் பொருள் விற்றவர். தமிழர் எந்த வரியில் நின்று பணம் எடுப்பார் என்று பத்திரிகை நடத்துவதற்கு முன்பே தெரிந்துகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பின்னாளில் அவர் தன் திரைப்படங்களை ஊரெங்கும் பேசவைத்த விதத்துக்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கலையின் இருட்டுப் பக்கத்துக்குச் சட்டம் பல முறை வேலி போட்டிருக்கிறது. நீரிழிவைத் தீர்ப்போம், உயரத்தைக் கூட்டுவோம் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மருந்து, மந்திரத் தீர்வு விளம்பரச் சட்டமே தடுக்கிறது. அந்த விளம்பரங்கள் இன்னும் சுவர்களில் இருக்கின்றன என்பது வேறு விஷயம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும் மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம். 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள், இணையக் கடைகள் வாங்குபவரைத் தள்ளிவிடும் 13 தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடைசெய்தன. பட்டியலில் முதலாவது, போலி அவசரம். 'இன்னும் இரண்டே பீஸ்', ஓடுகிற கடிகாரம், மறுநாள் பார்த்தால் அதே இரண்டு பீஸ். மாட்டுத்தாவணிக்காரரின் அவசரம் உண்மையானது, பேருந்து உண்மையாகவே கிளம்பிவிடும். அதைப் பார்த்துத்தான் இவர்கள் கடிகாரம் செய்தார்கள், பேருந்தை மட்டும் மறந்துவிட்டார்கள்.

என் அனுபவம் சின்னது. சித்தப்பா மகன் மரச்செக்கு எண்ணெய்க் கடை போட்டபோது நோட்டீஸ் எழுதும் வேலை என்னிடம் வந்தது. 'பாரம்பரியச் சுவை, கலப்படமற்ற தூய்மை, குடும்ப ஆரோக்கியம்' என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டாயிரம் நோட்டீஸ் அடித்தோம். நாளிதழ்களுக்குள் வைத்து வீடு வீடாகப் போனது. கடைக்கு வந்தவர்கள் வேறு வேலையாக அந்தத் தெருவுக்கு வந்தவர்கள்தான்.

பிறகு ஒரு சனிக்கிழமை முழுக்கக் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பாரம்பரியம் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "ஏம்ப்பா, பாக்கெட் எண்ணெய்க்கு இது ரெண்டு மடங்கு விலையா இருக்கு?" என்றார்கள். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அடியில என்ன கசண்டு?" என்றார்கள். ஒருவர், "கருப்பட்டி போட்டு ஆட்டுறியா, சும்மாவா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் செக்கின் பக்கம் போய் வாசம் பிடித்தார். மூன்று கேள்விகள், நாளெல்லாம் மாற்றி மாற்றி.

இரண்டாவது நோட்டீஸில் அந்த மூன்றுக்கும் பதில் மட்டும் எழுதினேன். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ எள் வேண்டும், மளிகைக் கடையில் எள் விலையைக் கேட்டுப் பார்த்துவிட்டு எங்கள் விலையைப் பாருங்கள். அடியில் கசண்டு இருக்கும், வடிகட்டித் தெளியவைக்கத்தான் செய்கிறோம், சுத்திகரிப்பது இல்லை. கருப்பட்டி போட்டுத்தான் ஆட்டுகிறோம், வந்து பார்க்கலாம். கூட்டம் அலைமோதியது என்று எழுத ஆசைதான், அப்படியொன்றும் நடக்கவில்லை. விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் குறைந்தார்கள். சிலர் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார்கள், ஒருவர் எள் விலையை அதன் ஓரத்தில் பேனாவால் குறித்திருந்தார்.

போன மாதம் போனபோது கடை வாசலில் அந்த நோட்டீஸைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். அடியில் தம்பி மார்க்கரால் ஒரு வரி சேர்த்திருந்தான்: 'புதன் லீவு. அன்னைக்கு எள் காயப்போடுவோம்.'

எனக்கு அது தோன்றவில்லை.